இரைச்சலில் பாடிப் பாடிக் குரல் போகிறது, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 26. பகலில் கம்பெனி வேலை. வெள்ளி, சனி இரவுகளில் புதுச்சேரியில் பாரும் சேர்ந்த ஒரு உணவகத்தில் அக்கூஸ்டிக் கிடார் வாசித்துக்கொண்டே தனியாகப் பாடுகிறேன். எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை, 45 நிமிடமாக மூன்று செட். ஒரு மைக், ஒரு சின்ன மிக்ஸர், மேசைகளைப் பார்த்தபடி தொங்கும் இரண்டு ஸ்பீக்கர், அவ்வளவுதான் வசதி. ஒன்பதரைக்கு மேல் கூட்டத்தின் சத்தத்தில் நான் பாடுவது எனக்கே கேட்பதில்லை. முன்பெல்லாம் ஞாயிறு காலையில் குரல் கம்மியிருக்கும், மாலைக்குள் சரியாகிவிடும். நான்கு மாதமாகப் புதன்கிழமை வரை இழுக்கிறது. மேல் ஸ்தாயியில் பிசிறு தட்டுகிறது. பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம் எல்லாம் பார்த்தாயிற்று. நிகழ்ச்சி முடிந்து அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்து உடனே படுத்துவிடுவேன். கிடார் வாசிக்கும் நண்பர் ஒருவர், "தினமும் கத்திப் பாடு, விரல் நுனி காய்த்துப்போவது மாதிரி தொண்டையும் உரமேறிவிடும்" என்கிறார். செய்யலாமா? டாக்டரைப் பார்க்க வேண்டுமா? பாடுவதையே விட வேண்டி வருமோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகர், புதுச்சேரி

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கத்திப் பழகாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் நண்பர் சொன்ன காய்ப்பு, குரல்வளைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் குரல்நாணிலும் ஏறத்தான் செய்யும். அதற்குப் பெயர் கணு, மருத்துவர்கள் நாட்யூல் என்பார்கள். விரல் நுனியில் தோல் காய்த்தால் கம்பியை அழுத்துவது சுலபமாகிறது. குரல்நாணில் காய்த்தால் இரண்டு நாண்களும் சேர்ந்து மூட வேண்டிய இடத்தில் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் காற்று ஒழுகி குரல் கரகரக்கிறது, மெல்லப் பாடும்போது மேல் ஸ்வரம் வராமல் போகிறது. வரவில்லையே என்று இன்னும் அழுத்துவோம், காய்ப்பு இன்னும் தடிக்கும். குரல் சிகிச்சையில் என்னிடம் வருகிற பாடகர்களில் பலர் இந்தச் சுழலில் சிக்கியவர்கள்தான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். நீங்கள் பாடும் நடு ஸ்தாயியில், 220 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால், குரல்நாண்கள் நொடிக்கு 220 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. நிமிடத்துக்கு 13,200 தடவை. உங்கள் மூன்று செட்டில் பாதி நேரம் கிடாருக்கும் மூச்சுக்கும் போனதாக வைத்துக்கொண்டாலும், ஒரே இரவில் ஒன்பது லட்சத்தை நெருங்குகிறது. மென்மையாக மோதினால் இத்தனையையும் அந்தத் திசு தாங்கும். அழுத்தி மோதினால் வீங்கும். வீக்கம் ஒரு இரவுத் தூக்கத்தில் வடிந்தால் கவலை இல்லை. உங்களுக்கு முன்பு ஞாயிறு மாலையில் வடிந்தது இப்போது புதன் வரை நிற்கிறது. கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த வரிதான். குரல் கம்முவதை விட, அது திரும்ப எத்தனை நாளாகிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். வியாழன் ஒரு நாள் நன்றாக இருந்துவிட்டு வெள்ளி இரவு மறுபடி மேடை ஏறினால், பழைய காயத்தின் மேலேயே புதுக் காயம்.

அதனால் டாக்டரைப் பார்க்க வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில்: ஆம், இந்த வாரமே. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். உங்கள் ஊரில் ஜிப்மரில் அந்தத் துறை இருக்கிறது, தனியார் மருத்துவர்களும் இருக்கிறார்கள். எங்கே போனாலும் ஸ்ட்ரோபோஸ்கோபி செய்யும் வசதி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண எண்டோஸ்கோபியில் குரல்நாணின் தோற்றம் தெரியும். ஆனால் அது அதிரும் விதம் வெறும் கண்ணுக்குப் பிடிபடாத வேகம். விட்டு விட்டு ஒளி பாய்ச்சி, அந்த அதிர்வை மெதுவாக நடப்பது போலக் காட்டுவது ஸ்ட்ரோபோஸ்கோபி. பாடகருக்கு அதுதான் தேவை. பார்க்கும் வரை நிகழ்ச்சி வேண்டாம். இரண்டு வாரக் காசு போவது வலிக்கும், எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

பாட்டை விட வேண்டி வருமா? பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன். வெறும் வீக்கம் என்றாலோ கணு என்றாலோ பெரும்பாலும் குரல் பயிற்சியிலேயே அடங்கிவிடும், கத்தி வைக்க வேண்டியதில்லை. பாலிப் எனப்படும் சதை வளர்ச்சிக்கும் ரத்தக்கசிவுக்கும் வழி வேறு. பாடகி அடெல் 2011இல் குரல்நாணில் ரத்தம் கசிந்து கச்சேரிகளை ரத்து செய்தார், பாஸ்டனில் அறுவை செய்துகொண்டு திரும்பப் பாட வந்தார். ஜூலி ஆண்ட்ரூஸ் 1997இல் குரல்நாணில் அறுவை செய்துகொண்ட பிறகு அவருடைய பாட்டுக் குரல் பழையபடி திரும்பவே இல்லை. அறுவையைக் கடைசியில் வைக்கிறோம் என்பதற்கு இந்த இரண்டாவது கதையை நான் மறப்பதில்லை.

சரி, குரல் ஏன் இப்படி ஆனது? உங்களுக்குப் பாடத் தெரியாமல் இல்லை. தொண்டை பலவீனமும் இல்லை. "நான் பாடுவது எனக்கே கேட்பதில்லை" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான்.

ஏத்தியன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் ஒன்றை எழுதி வைத்தார். பேசிக்கொண்டிருப்பவரின் காதில் இரைச்சலைச் செலுத்தினால் அவர் குரல் தானாக உயர்கிறது. இரைச்சலை நிறுத்தினால் தானாக இறங்குகிறது. இரண்டுமே பேசுகிறவருக்குத் தெரிவதில்லை. இன்றும் இதை லொம்பார் விளைவு என்றே சொல்கிறோம். ஒன்பதரை மணிக்கு மேல் உங்களுக்கு நடப்பது இதுதான். கத்தலாம் என்று நீங்கள் முடிவு செய்வதில்லை, காது உங்களைக் கேட்காமலே தொண்டையை முடுக்கிவிடுகிறது. இதைப் பனங்கற்கண்டும் மிளகும் எப்படிச் சரி செய்யும்? காதுக்கு உங்கள் குரலைத் திருப்பிக் கொடுங்கள், தொண்டை பாதி இறங்கிவிடும். எதிர்த் திசையிலும் இது வேலை செய்யும் என்பதுதான் நல்ல செய்தி: நம் குரல் நமக்குப் பெரிதாகக் கேட்டால், தானாகவே சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறோம்.

ஆகவே முதல் செலவு மானிட்டர், அதாவது பாடுகிறவருக்கே அவர் குரலைக் கேட்கவைக்கும் ஸ்பீக்கர். மேசைகளைப் பார்த்துத் தொங்கும் ஸ்பீக்கர்கள் உங்களுக்காக வைத்தவை அல்ல. உணவகத்து மிக்ஸரில் ஆக்ஸ் என்று ஒரு திருகும், அதற்கென்று வயர் செருகும் துளையும் இருக்கும். அந்தத் துளையிலிருந்து ஒரு வயர் இழுத்து, உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உள்ள சின்ன ஸ்பீக்கர் ஒன்றை உங்கள் முன்னால் தரையில் முகத்தைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். அதில் குரலை மட்டும் விடுங்கள், கிடார் வேண்டாம். கிடார் உங்கள் நெஞ்சிலேயே அதிர்கிறது. கிடாரையும் விட்டால் அதோடு போட்டி போட இன்னொரு தடவை கத்துவீர்கள்.

மானிட்டரை எங்கே வைப்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். ஷ்யூர் எஸ்எம்58 மாதிரியான கார்டியாய்டு மைக், அதாவது முன்பக்கத்தை அதிகம் வாங்கும் வகை, தன் நேர் பின்பக்கத்துச் சத்தத்தைத்தான் மிகக் குறைவாக வாங்கும். ஆகவே மானிட்டர் மைக்கின் வாலுக்கு நேராக இருக்க வேண்டும். பீட்டா 58ஏ மாதிரியான சூப்பர்கார்டியாய்டு மைக் என்றால் நேர் பின்னாலும் கொஞ்சம் வாங்கும், அதற்கு மானிட்டரை வாலுக்கு ஒரு பக்கமாகத் தள்ளிச் சாய்வாக வைக்க வேண்டும். இடத்தைச் சரியாகப் பிடித்தால் மைக் ஊளையிடாமலே மானிட்டரை நன்றாக ஏற்றலாம். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். பொத்தினால் அது எல்லாப் பக்கமும் வாங்க ஆரம்பித்து உடனே ஊளையிடும்.

மானிட்டர் வாங்கும் வரை ஒரு மலிவான வழி: ஒரு காதில் மட்டும் இசைக்கலைஞர்கள் போடும் காது அடைப்பான். ஒரு காதை அடைத்தால் எலும்பு வழியாக உங்கள் குரல் உள்ளே பெரிதாகக் கேட்கும். பழைய பாடகர்கள் ஒரு காதில் கை வைத்துப் பாடுவதில் இந்தச் சூட்சுமமும் இருக்கிறது. கிடார்காரருக்குக் கை காலி இல்லை, அதனால் அடைப்பான். இது செவிக்கும் நல்லது. கை எட்டும் தூரத்தில் இருப்பவரிடம் பேசவே குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது என்றால் அங்கே சத்தம் 85 டெசிபெல் சுமார் இருக்கும். அமெரிக்கத் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் அந்த அளவுக்கு ஒரு நாளில் 8 மணி நேரம்தான் வரம்பு வைத்திருக்கிறது, ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரு மணி நேரம்தான். நீங்கள் அங்கே மூன்று மணி நேரம் இருக்கிறீர்கள்.

அடுத்து, உதட்டுக்கும் மைக்குக்கும் உள்ள தூரம். தூரம் பாதியானால் மைக்குக்குப் போகும் சத்தம் சுமார் 6 டெசிபெல் கூடும். பத்து சென்டிமீட்டரில் பாடுகிறவர் ஐந்துக்கு வந்து, இரண்டரைக்கு வந்தால் 12 டெசிபெல் தொண்டைக்குச் செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது. கிட்டே வந்தால் அடிக்குரல் கொழகொழவென்று கேட்கும். மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தானை அழுத்தி, லோ திருகையும் கொஞ்சம் இறக்கினால் தெளிந்துவிடும். 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் குரலுக்கு லேசாக ஏற்றுங்கள். யோஹான் சுண்ட்பெர்க் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் எழுபதுகளில் விளக்கியது இந்த இடத்தைத்தான்: ஆபரா பாடகர்கள் மைக்கே இல்லாமல் ஒரு வாத்தியக் குழுவைத் தாண்டிக் கேட்பதற்கு, அவர்கள் குரலில் 3,000 ஹெர்ட்ஸ் அருகே திரளும் ஆற்றல் காரணம். அவர்கள் பல வருடம் உழைத்துச் சேர்த்ததை மிக்ஸர் உங்களுக்கு ஓரளவுக்குக் கொடுத்துவிடும். அதே இடத்தில் கிடாருக்கு லேசாகக் குறையுங்கள். ஸ்ட்ரம் அடிக்கும்போது கம்பிகளின் சரசரப்பு நிறைகிற இடமும் அதுதான், பாட்டின் வல்லெழுத்துகளை அது விழுங்கிவிடும். கிடாரின் வட்டத் துளையை மூடும் ரப்பர் மூடி ஒன்று கடைகளில் கிடைக்கும். கிடார் உறுமி ஊளையிடுவது அதில் பெருமளவு அடங்கும்.

கிடாரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தனியாகப் பாடி வாசிப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. வலது கை வேகம் பிடித்தால் தொண்டையும் கூடவே போகும். கை அடங்கினால் தொண்டையும் அடங்கும். பாட்டு வரிகள் வரும் இடத்தில் விரலால் மீட்டுங்கள், இல்லையென்றால் மெல்லிய பிக் கொண்டு லேசாகத் தட்டுங்கள். அடித்து வாசிக்கும் ஆசையை வரிகளுக்கு நடுவில் வரும் இடையிசையில் தீர்த்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து வாசித்தால் கிடாரின் உடல் வயிற்றில் அழுந்தி, மூச்சு விலா அகலத்துக்குப் போகாமல் மேல்மார்போடு நின்றுவிடும். நிற்பது நல்லது. ஃப்ரெட்டைப் பார்க்கக் குனிந்து, மைக்கைப் பிடிக்கத் தாடையை நீட்டி, இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தால் கழுத்துத் தசை இறுகி, குரல்வளை மேலேறி நிற்கும். மைக் ஸ்டாண்டை உங்கள் உயரத்துக்கு நகர்த்துங்கள், நீங்கள் ஸ்டாண்டுக்காக நகராதீர்கள்.

ஸ்கேல் விஷயத்தில் கௌரவம் பார்க்க வேண்டாம். ஒரிஜினல் பாட்டு ஐந்து கட்டையில் இருந்தால் நீங்களும் ஐந்து கட்டையில் பாடியே ஆக வேண்டும் என்று எந்த மேசையிலும் கேட்கப்போவதில்லை. ஜி ஸ்கேல் பாட்டை ஈக்கு, அதாவது மூன்று கட்டைக்கு இறக்க, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டு டி வடிவ கார்டுகளில் வாசியுங்கள். திறந்த கம்பிகள் ஒலிப்பதால் கிடாரும் நன்றாகவே இருக்கும். ஆனால் ரொம்பவும் இறக்கிவிடாதீர்கள். இரைச்சலில் முதலில் மூழ்குவது கீழ் ஸ்தாயிதான், மூழ்கினால் அங்கேயும் அழுத்துவீர்கள். மேலே உச்சத்தில் கிழியாமல், கீழே பேச்சொலியில் புதையாமல், நடுவில் ஐந்தாறு ஸ்வரத்துக்குள் மெட்டின் பெரும்பகுதி விழும்படி ஒவ்வொரு பாட்டுக்கும் ஸ்கேலைத் தேடி வையுங்கள். உச்சஸ்தாயிப் பாட்டுகளை இரண்டாவது செட்டில் வையுங்கள். குரல் சூடேறாத எட்டு மணிக்கும் வேண்டாம், களைத்துப்போன பத்தே முக்காலுக்கும் வேண்டாம்.

லொம்பார் விளைவை முழுக்க ஒழிக்க முடியாது, பயிற்சியால் குறைக்கலாம். வீட்டில் செய்து பாருங்கள், ஆனால் பரிசோதனை முடிந்து மருத்துவர் பாடலாம் என்ற பிறகு. உணவகத்தின் இரைச்சலையே போனில் பதிவு செய்துகொண்டு வாருங்கள். அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, சத்தமே இல்லாத அறையில் பாடியதுபோலப் பாட முயலுங்கள். குரலைக் காதால் தேடாதீர்கள், உடம்பால் தேடுங்கள்: உதட்டின் அதிர்வு, மூக்குத்தண்டின் அதிர்வு, விலா விரிவது, கழுத்து இளகி இருப்பது. இன்னொரு போனை வாய்க்கு அருகில் வைத்துப் பதிவு செய்து அப்புறம் கேட்டால், எந்த வரியில் ஏமாந்து கத்தினீர்கள் என்று தெரிந்துவிடும். முதலில் சலிப்பாகத்தான் இருக்கும். பழகிவிட்டால் எந்த இடத்திலும் கைகொடுக்கும்.

குரலைச் சூடாக்க ஸ்ட்ரா பயிற்சி. அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இங்கோ டிட்ஸே இதை ஆராய்ந்து பரப்பினார், நானும் ஏறக்குறைய எல்லாப் பாடகருக்கும் கொடுக்கிறேன். ஒரு ஸ்ட்ராவை உதட்டில் கவ்வி, காற்று மூக்கு வழியாகப் போகாமல், அதற்குள் "ஊ" என்று கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வழுக்குங்கள். வாய் முனையில் காற்று தடைபடுவதால் உள்ளே ஒரு எதிரழுத்தம் உருவாகி, குரல்நாண்கள் மோதும் அழுத்தம் தணிகிறது. மேடைக்கு முன் சில நிமிடம், செட்டுகளுக்கு நடுவில் கொஞ்சம், எல்லாம் முடிந்தபின் கொஞ்சம்.

இடைவேளையை எப்படிக் கழிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. என் அனுபவத்தில் பாதிக் கேடு அங்கேதான் நடக்கிறது. பாடும்போது மைக் இருக்கிறது. இறங்கி வந்து மேசை மேசையாக நின்று நன்றி சொல்லி, அடுத்த பாட்டு என்ன வேண்டும் என்று கேட்பது மைக் இல்லாமல் அதே இரைச்சலுக்கு மேல் கத்துவது. இடைவேளையில் வெளியே போய்விடுங்கள். விருப்பப் பாட்டைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். குசுகுசுவென்று பேசுவது ஓய்வு என்று நினைக்காதீர்கள், பலருக்கு அதுவும் குரல்வளையை இறுக்கும். அடிக்கடி கனைப்பதும் வேண்டாம், கனைக்கத் தோன்றும்போது ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. நள்ளிரவில் காரமாகச் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறிக் குரல்வளையைச் சுடும், ஞாயிறு காலைக் கரகரப்பில் அதற்கும் பங்கு இருக்கலாம். ஏழு மணிக்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள், இரவு லேசாக ஏதாவது போதும். வாடிக்கையாளர் அன்போடு வாங்கித் தரும் மதுவை மேடை முடியும் வரை தொடாதீர்கள், வலியை உணரவிடாமல் செய்வதுதான் அதில் பெரிய ஆபத்து. பனங்கற்கண்டும் மிளகும் தொண்டைக்கு இதம் தரும், சாப்பிடுங்கள். ஆனால் விழுங்கும் எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை, தொட்டால் புரையேறிவிடும். அதிமதுரத்தை மாதக்கணக்கில் தொடர வேண்டாம், ரத்த அழுத்தத்தை ஏற்றும். தண்ணீர் நாள் முழுக்கக் குடித்தால்தான் பலன், மேடையில் மடமடவென்று குடிப்பது தாமதம். தொண்டை வலிக்கு ஆஸ்பிரினோ இப்யூபுரூஃபனோ போட்டுக்கொண்டு பாடாதீர்கள். அவை ரத்தம் உறைவதைத் தாமதிக்கும், குரல்நாணின் நுண்குழாய் ஒன்று வெடித்தால் கசிவு பெரிதாகும்.

அப்படி வெடித்தால் எப்படித் தெரியும்? பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று மாறும், அல்லது நின்றே போகும். வலி இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. அந்தக் கணமே பாட்டை நிறுத்துங்கள். செட்டை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள். கிடாரை மட்டும் வாசித்து மேடையை முடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போய், மறுநாளே மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக உணவக உரிமையாளர். அவரிடம் பேசத் தயங்குவீர்கள் என்று நினைக்கிறேன். சத்தத்தை ஏற்றினால் கூட்டம் அடங்கும் என்று அவர் நம்பலாம். நடப்பது வேறு: ஸ்பீக்கர் சத்தம் ஏறினால் மேசைகளில் இருப்பவர்களும் அதே லொம்பார் விளைவால் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கக் கத்துவார்கள், உங்களை மறுபடி ஏற்றச் சொல்வார். முதல் செட்டைக் குறைந்த சத்தத்தில் தொடங்கிப் பாருங்கள், அறையின் பேச்சும் ஓரளவு தாழ்ந்தே இருக்கும். பார் மேடைக்கும் ஏசி காற்று நேரே வீசும் இடத்துக்கும் எதிரே உங்களை நிறுத்தியிருந்தால், சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்து மூலைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மானிட்டர் ஸ்பீக்கரை அவர் வாங்கித் தந்தால் நல்லது, இல்லாவிட்டால் நீங்களே வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள், அடுத்த இடத்துக்கும் உதவும். மூன்றாவது செட்டைப் பாதி கிடார் இசையாக வாசிக்க அனுமதி கேளுங்கள். பத்து மணிக்கு மேல் அந்தக் கூட்டத்தில் வரிகளை யாரும் உற்றுக் கேட்பதில்லை, உங்கள் குரலுக்கோ அந்த இருபது நிமிடம் பெரிய ஓய்வு. இவ்வளவுக்கும் முடியாது என்றால், வாரத்துக்கு இரண்டு இரவு என்பதை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள், நடுவில் குரல் ஆற நேரம் கிடைக்கும்.

மருத்துவரிடம் போகும்போது போனில் இரண்டு பதிவுகள் கொண்டுபோங்கள்: நல்ல நாளில் பாடியது ஒன்று, ஞாயிறு காலை எழுந்ததும் பேசியது ஒன்று. அறிக்கையில் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். கணு என்று வந்தால் எத்தனை வாரம், எந்தப் பயிற்சி என்று தனியாகச் சொல்கிறேன், அதற்குள் யாரிடமும் அறுவைக்குத் தேதி வாங்கிவிடாதீர்கள்.